ஈரக் காற்று

பகல் வெயில் ஆஸ்பத்திரி ஜன்னல் கம்பிகளைத் தாண்டி சாம்ராஜின் கட்டில்வரை வந்து கிடக்கிறது. நூல் அறுந்துவிடாமலிருக்க மில்லுக்குள் புகைபோல நீர் தெளிக்கும் எந்திரத்தைப் போன வாரம் அவனும் காசிராஜனும்தான் கழுவினார்கள். இருவருக்கும் காய்ச்சல் வந்தது. காசிராஜனுக்குத் தானாக விட்டுவிட்டது. கட்டில்காலருகே கூசி நிற்கிறான். சாம்ராஜின் விலா எலும்புகள் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்குகின்றன. காசநோய் என்று பயந்து அவன் மனைவி ஜெப ஷீலா தனியாக வைத்த டம்ளர் ஜன்னலோரம் காய்கிறது.

"ரெண்டு பேருக்கும் ஒரே கிருமிதாம்மா, லீஜியோனெல்லான்னு பேரு," என்கிறார் டாக்டர். "அவருக்கு வெறும் காய்ச்சலோட போயிருச்சு. இவருக்கு நுரையீரல்ல இறங்கிருச்சு. ஆளுக்கு ஆள் ஒட்டாது, டம்ளரப் பிரிக்க வேணாம். தேங்குன தண்ணி சாரலா பறக்குதில்ல, அந்த ஈரக்காத்துல வாரது."

"பஞ்சுத் தூசிக்குத்தான் சார் பயந்தோம். அந்தச் சாரல்ல நின்னா கொடைக்கானல் மாதிரி இருக்கும்னு சொல்வாக," என்கிறாள் ஷீலா.

டாக்டர் போனதும், ஆயா வராந்தாவிலிருந்து ஏர்கூலரை உருட்டி வந்து, பழைய தண்ணீர் கிடக்கும் தொட்டியில் இன்னொரு வாளி ஊற்றிச் சுவிட்சைப் போடுகிறாள். வார்டே முகத்தை அதன் பக்கம் திருப்புகிறது. "இங்கிட்டுத் திருப்பு தாயி," என்று யாரோ கெஞ்சுகிறார்கள். குளிர்ந்த துளியொன்று ஷீலாவின் கன்னத்தில் படுகிறது. அவள் எழுந்து, முந்தானையை இரு கையாலும் விரித்துப் பிடித்தபடி, மூச்சை அடக்கிக்கொண்டு கட்டிலை மறைத்து நிற்கிறாள். முந்தானை மெல்ல நனைந்து, அவன் பக்கமாக உப்புகிறது.