கூட்டிச் சொன்ன வயது

சங்கரன்கோவில் தறிக்கூடத்தில் கரண்ட் போய்விட்டது. இரண்டு விசைத்தறிகளுக்கு நடுவே, ஸ்கேட்டிங் ஷூவைக் கழற்றாமலே தரையில் உட்கார்ந்திருக்கிறாள் சங்கரகோமதி. கம்பிவலை ஜன்னலில் இறங்கும் மதிய வெயிலில் பஞ்சுத்தூசி மிதக்கிறது. எங்கோ ராஜபாளையம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. கையிலுள்ள போனில் இளையோர் ரோலர் ஹாக்கி உலகப் போட்டியின் வரலாறு. ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலி என்று ஜெயித்த நாடுகள் ஆண்டுவாரியாக இறங்கிக்கொண்டே போகின்றன. இந்த வருஷம் அதில் ஆடப்போகும் இந்திய அணியிலிருந்து காலையில்தான் அவள் பெயரை அடித்தார்கள். பத்தொன்பதைத் தாண்டக் கூடாதாம். அவளுக்குப் பத்தொன்பதுதான், பள்ளிச் சான்றிதழில் இருபது. வீட்டில் பிறந்தவளுக்கு வேறு சான்று கிடையாது.

“ஏம்ப்பா கூட்டிச் சொன்னிய?”

தறியில் அறுந்த பாவு நூலை முடிந்துகொண்டிருக்கும் அப்பா காசிராஜன் நிமிரவில்லை. “அஞ்சு வயசு நெறஞ்சாத்தான் சேப்பேன்னுட்டாரு வாத்தியாரு. நீ தறிக்கடியில பஞ்சத் தின்னுக்கிட்டுக் கெடந்த மக்கா. நம்ம பிள்ளையும் இதுக்குள்ளயே கெடந்துரக் கூடாதேன்னுதான் ஒரு வயச கூட்டிச் சொன்னேன்.”

கரண்ட் வருகிறது. தறிகள் ஒருசேர அதிர்கின்றன. அவள் இன்னும் ஏதோ கேட்கிறாள். அவர் காதில் விழவில்லை. எழுந்து நிற்கிறாள். சக்கரம் தானாக உருண்டு, அவளைப் பத்தடியில் சுவரில் கொண்டுபோய் நிறுத்துகிறது. தறியில் நூல் தீர்ந்ததும், எப்போதும்போல அவர் திரும்பிப் பார்க்காமலே அடுத்த தாருக்காகப் பின்னால் கை நீட்டுகிறார். நூல் சுற்றிய தார்க்குச்சி ஒன்றை எடுத்து, ஷூவோடு உருண்டு வந்து, அந்தக் கையில் வைக்கிறாள்.