பூங்கோதை படித்த முடிவு

எழுத்தாளர் இளம்பரிதியின் தொடர்கதைகளுக்கு இப்போதெல்லாம் ஒரே முடிவு என்பது கிடையாது. அவர் என்ன எழுதிக் கொடுத்தாலும், படிக்கிறவரின் மனசு எதை விரும்புகிறதோ அப்படி முடித்துக் காட்டிவிடும், கதையை வெளியிடும் போன் செயலி. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மனைவி பூங்கோதையிடம் சொல்லவும் தோன்றவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து அவருடைய கடைசி அத்தியாயத்தை முதலில் படிப்பவள் அவள்தான். முன்பு கையெழுத்துப் பிரதியில் படிப்பாள், இப்போது போனில், அந்தச் செயலியில். இந்த முறை, புருஷனோடு கோபித்துக்கொண்டு பெட்டியோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போன கல்யாணி, மனம் மாறி வீடு திரும்புவதாக முடித்திருந்தார்.

கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளிடம், "படிச்சிட்டியா? எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நீங்க எழுதினதுலயே இதுதாங்க அருமை," என்றாள் பூங்கோதை. "பஸ் ஏறினதும் ஜன்னலோரமா உக்காந்து, செருப்பைக் கழட்டிட்டுக் காலை நீட்டிக்கிறா பாருங்க, அந்த இடத்துல அழுதுட்டேன்."

அவர் எழுதிய கல்யாணி பஸ் ஏறவே இல்லை.

"ஆமா," என்றார். பிறகு அவளுக்கு எதிரே உட்கார்ந்து, கீரைக்கட்டில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதை எப்படி ஆய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.