டிஸ்க் எதுக்கு?

“இந்த பில்லு உங்க கடைதுதானே?”

குமரேசன் தன் வீடியோ கேம் கடையின் ஷட்டரைத் தூக்கி முடிப்பதற்குள் பலராமனின் மனைவி ரேணுகாம்பாள் வந்து நின்றாள்.

“ஆமாங்கக்கா. பலராமன் அண்ணன் கேம் டிஸ்க்கு வாங்கினாரு.”

“மூவாயிரத்தி எண்ணூறு! அதே கேமு போன்ல ஆயிரத்தித் தொள்ளாயிரம்னு என் பொண்ணு காட்டினா.”

“அது டவுன்லோடுக்கா. நம்ம நாட்டுக்குன்னு கம்பெனிக்காரன் கம்மி பண்ணி வெச்சிருக்கான். டிஸ்க்கு வெளிநாட்டுலேர்ந்து வருது. அதுக்கு அந்த ரேட் இல்ல.”

“ஊருக்கு ஊரு விலை மாறும், எனக்குத் தெரியாதா? ஒரே பட்டுப் புடவைக்கு சென்னைக்காரங்க கிட்ட ஒண்ணு, உள்ளூர்ல ஒண்ணுன்னு சொல்றவங்கதான் நாங்க. கம்மியா கெடைக்கிறத விட்டுட்டு டபுள் குடுத்து வாங்கறாரே, அந்த மனுஷனுக்குக் கிறுக்கா?”

குமரேசன் ஹெட்போன் பெட்டிகளை அடுக்கத் தொடங்கினான்.

“இது மூணாவது டிஸ்க்கு. வீட்டுல ஒண்ணு கூட இல்ல. வாங்கறதும் விக்கறதுமா ஒயின் ஷாப்புக்குப் போய்கினு இருக்காரா?”

“ஐயோ, அண்ணன் அப்படி இல்லக்கா.”

“பின்ன டிஸ்க்கெல்லாம் எங்க? கேட்டா திருதிருன்னு முழிச்சிகினு நிக்கறாரு. இருபது வருஷமா இதே பேஜாரு. இன்னிக்கு வரட்டும், கதவ தொறக்கறேனான்னு பாருங்க!”

குமரேசன் பெட்டியைக் கீழே வைத்தான்.

“உங்க கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு… டவுன்லோடு பண்ணா உங்க வீட்டு மெஷினோட சரி. டிஸ்க்குன்னா அதே மெஷின் வெச்சிருக்கற இன்னொருத்தருக்குக் குடுக்கலாம். தேவிகாபுரம் பஸ் கண்டக்டர் கிட்ட குடுத்தனுப்புறாரு. உங்க தம்பிக்கு.”

தம்பி தென்னரசு. வீட்டுப் பங்குத் தகராறில் மூன்று வருஷமாக அவள் பேசாத தம்பி. பைக்கிலிருந்து விழுந்து, கால் ஒடிந்து, இரண்டு மாதமாகப் படுக்கையில் கிடக்கிறான். அவளுக்கும் தெரியும். போய்ப் பார்க்கவில்லை.

“அங்க நெட்டும் சரியா இல்லியாம். பொழுதே போவலன்னு அண்ணன் கிட்ட போன்ல அழுதாராம்க்கா.”

ரேணுகாம்பாள் பில்லை நாலாக மடித்தாள். மறுபடி பிரித்து, கேமின் பெயரைப் படித்தாள்.

“கால் ஒடிஞ்சு கெடக்கறவனுக்கு யாராவது ஃபுட்பால் கேமு வாங்கி அனுப்புவாங்களா? அறிவிருக்கா அந்த மனுஷனுக்கு!”

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“அவனுக்குக் கார் ரேஸுன்னாதான் உசுரு. நல்ல டிஸ்க்கா ஒண்ணு எடுங்க. கண்டக்டரெல்லாம் வேணாம், நானே எடுத்துகினு போறேன்.”