கழுத்துப் பொத்தான்

குக்கர் விசிலடித்ததும் ஆதிரை காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். சத்தம் தாங்காத ஏழு வயசுப் பிள்ளை. இந்நேரம் அவள் போட்டிருந்த சட்டை தானாகவே அவளை இறுக்கி அணைத்திருக்க வேண்டும். அது போதாவிட்டால் பின்கழுத்துப் பொத்தானை அவளே அமுக்குவாள். சட்டை இன்னும் கொஞ்சம் இறுகும். இன்றைக்குப் பார்த்து அது சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது.

அவள் அம்மா கோமதி, அந்தச் சட்டையைப் போடச் சொன்ன தெரபிஸ்டுக்குப் போன் போட்டாள்.

“ஏனுங் மேடம், புள்ள கத்தறா. நான் கட்டிப் புடிச்சுக்கட்டுங்களா?”

“ஐயோ, தொட்டுடாதீங்கம்மா! நீங்க ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி பிடிப்பீங்க. சட்டைன்னா எப்பவும் ஒரே அளவு. குழந்தை குழம்பிடுவா.”

“பெத்தவ தொட்டா குழம்பிடுவாளா? நல்லா இருக்குதுங்க உங்க வைத்தியம்! சார்ஜ் ஏறற வரைக்கும் நான் என்ன, வேடிக்கை பாக்கறதுங்களா?”

“கொஞ்சம் பொறுமையா இருங்கம்மா...”

பொறுமையாம் பொறுமை! போனைச் சோபாவில் விட்டெறிந்துவிட்டுக் கோமதி தரையில் தொப்பென்று உட்கார்ந்தாள். பிள்ளையைத் தொடுவதற்குக்கூட இவர்களிடம் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறதே என்று பற்றிக்கொண்டு வந்தது.

முதுகுப் பக்கம் விசும்பல் கேட்டது. ஆதிரையின் விரல்கள் அம்மாவின் கொண்டையை ஒதுக்கிவிட்டுப் பின்கழுத்தைத் தடவித் தேடின. அங்கே புடைத்திருந்த மச்சத்தைக் கண்டுபிடித்து அழுத்தமாக ஒரு அமுக்கு அமுக்கின.

கோமதி திரும்பி, மகளை வாரி அணைத்துக்கொண்டாள்.

“போதுமா கண்ணு?”

ஆதிரை மச்சத்தை இன்னொரு தடவை அமுக்கினாள்.