கைமாறிய சாவி

"ஸ்தெய்னர், சாவியை எடு. ஆல்டா வர்ற நேரமாச்சு" என்று கை நீட்டினாள் பிர்னா.

பிரதமர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததைப் பார்த்ததும் அவளுக்குத் தலை சுற்றியது. ரப்பர் வளையம் மாட்டிய தகரச் சாவி. பதினேழு என்று எண் வேறு. நீச்சல் குளத்தில் துணிமணி வைத்துப் பூட்டுகிற பெட்டியின் சாவி அது.

"ஐயையோ! ரெண்டும் ஒரே பையில இருந்துச்சு. அப்ப காலையில குளத்துல நான் திருப்பிக் குடுத்தது எது?"

எது என்று வேறு கேட்கிறார். ஒன்பது வருடம் நாட்டை ஆண்ட மனுஷன்!

தலைநகர் ரெய்க்யவிக்கில் ஆட்சி மாறினால் பழைய பிரதமர் புதியவர் கையில் அலுவலகச் சாவியைக் கொடுக்க வேண்டும். அந்தச் சாவியால் எந்தக் கதவும் திறக்காது. கதவுக்கெல்லாம் அட்டை வந்து எத்தனையோ காலம் ஆகிறது. ஆனாலும் நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்து அதைத்தான் பார்க்கும்.

பிர்னா அவருடைய தலைமை ஆலோசகர். அவர் பேசியதையெல்லாம் எழுதியவள், மறந்த பெயர்களைக் காதில் ஓதியவள். தேர்தலில் தோற்றதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். இந்த நல்ல மனுஷனைப் பார்த்துக் கடைசி நாளில் ஊர் சிரித்துவிடக் கூடாதே என்றுதான் தவித்தாள்.

அதுவும் வரப்போகிறவர் ஆல்டா. நாடாளுமன்றத்தில் ஸ்தெய்னரை உரி உரியென்று உரித்தவர். கேமரா முன்னால் உள்ளங்கையை ஒரு தரம் விரித்தால் போதும், மானம் கப்பலேறிவிடும்.

வாசலில் கார் வந்து நின்றது.

பிர்னா ரப்பர் வளையத்தைப் பல்லால் கடித்து அறுத்தாள். சாவியை அவர் கையில் திணித்தாள்.

"கையை மூடிக்கிட்டே குடு. புரியுதா? மூடிக்கிட்டே!"

"சரிம்மா, கத்தாத."

ஆல்டா ஈரத் தலையோடு வந்தார். கேமராக்கள் மின்னின. ஸ்தெய்னர் மூடிய கையை நீட்ட, ஆல்டா வாங்கிக்கொண்டார். அவருடைய கட்டைவிரல் அந்த எண்ணைத் தடவிப் பார்ப்பது பிர்னாவுக்குத் தெரிந்தது.

போச்சு, எல்லாம் போச்சு.

ஆல்டா கையை இறுக்கி மூடினார். கேமராக்களைப் பார்த்துச் சிரித்தார்.

"அடேயப்பா, நல்ல கனம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். ஸ்தெய்னருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆல்டா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

பிறகு காப்பியும் கேக்கும் வந்தன. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆல்டா நேராக பிர்னாவிடம் வந்தார். தகரச் சாவியை அவள் கையில் வைத்து அழுத்தினார்.

"இதைக் கொண்டுபோய்க் குளத்துல குடுத்துடு. பதினேழாம் நம்பரைக் காணோம்னு கவுண்டர் அம்மா காலையிலேருந்து கத்திக்கிட்டு இருக்காங்க."

பிர்னா திருதிருவென்று விழித்தாள்.

ஆல்டா கைப்பையைக் கொஞ்சமாகத் திறந்து காட்டினார். மீன்தோல் பட்டை கட்டிய அலுவலகச் சாவி, ஈர நீச்சலுடைக்குப் பக்கத்தில் கிடந்தது.

"'எப்படியும் உனக்குத்தானே வரப்போகுது'ன்னு அந்தக் கவுண்டர் அம்மாவே என் கையில குடுத்துட்டாங்க" என்றார். "ஆமா, ரப்பரை யாரு கடிச்சது? அதுக்கு அவங்க உன்னைச் சும்மா விடமாட்டாங்க!"