ஒரு கீறல்கூட இல்லாத பெட்டி

பரண் மேல் ஒரு பைபர் பெட்டியும் ஒரு கேன்வாஸ் பையும் இருந்தன. அந்த வீட்டுப் பெண் செண்பகம் மறுநாள் ஹாஸ்டலுக்குப் போகிறாள். ரெண்டில் ஒன்றுதான் அவளோடு போகும்.

"என் மேல லாரி ஏறினாலும் நெளிய மாட்டேன்," என்றது பெட்டி. "நீ வெறும் துணி. மழை பேஞ்சா நனைஞ்சிடுவ."

"நனைவேன்தான். அப்புறம் காய்வேன்."

"கிழிவ."

"தைச்சுக்கலாம். உனக்கு விரிசல் விட்டா எந்த டெய்லர்கிட்ட போவ?"

பார்க்கப் பளபளப்பாக இருந்ததால் அம்மா பெட்டியைத்தான் இறக்கினாள். துணி, புத்தகம், முறுக்கு டப்பா எல்லாம் வைத்து மூடினாள். மூடின பிறகுதான் ஊறுகாய் ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் போர்வை. அம்மாக்கள் எப்போதும் அப்படித்தான். செண்பகம் மேலே ஏறி உட்கார்ந்தும் பூட்டு விழவில்லை.

"கொஞ்சம் விட்டுக்கொடுடா," என்றது பரணிலிருந்து பை.

"அந்தப் பழக்கம் எனக்கில்ல," என்றது பெட்டி.

எல்லாச் சாமானும் பைக்கு மாறியது. பை வயிறு பிதுங்கக் கிளம்பிப் போனது.

பொங்கல் லீவுக்குத் திரும்பி வந்தபோது அதன் மேல் ஊறுகாய் எண்ணெய்க் கறை. ஓரத்தில் சிவப்பு நூலில் ஒரு தையல்.

"சொன்னேன்ல, கிழிஞ்சுட்ட," என்றது பெட்டி.

"ஆமா, பஸ்ல கிழிஞ்சுது. செண்பகமே தைச்சா. கோணல்தான்."

பெட்டி அந்தத் தையலையே பார்த்தது. "எனக்கு இன்னும் ஒரு கீறல்கூட இல்ல."

"ஆமா, இல்ல," என்றது பை.

பெட்டி மெதுவாகக் கேட்டது.

"பஸ் எப்படி இருக்கும்?"