கட்டுப்படியாகாத விவசாயம்

“டிராக்டர் வெல மறுபடியும் ஏறிட்ச்சுமே” என்றார் திருவேங்கடம். ஒரு விவசாயிக்கு உண்டான அத்தனை கவலையும் அவர் முகத்தில் இருந்தது.

“போன மாசந்தானயா ஒண்ணு வாங்குன?” என்றாள் அவர் மனைவி வேண்டா.

“அது சின்னது. முப்பது ஏக்கர் கோதுமைக்கு அது இன்னா பண்ணும்?”

“திருப்போரூர்ல எவன்யா கோதும போடுறான்?”

“நான் போடுறேன்.”

“போட்டு? ஒரு மூட்ட வூட்டுக்கு வந்துச்சா? செலவுதான் ஏறிகினே கீது. பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும்.”

“விவசாயத்துல லாபம் பாக்கக் கூடாதுமே. மனசுக்கு ஒரு திருப்தி. அவ்ளோதான்.”

“நல்லா வருது திருப்தி.”

“சும்மா பேசிகினு இருக்காத. இன்னிக்கி அறுக்கலன்னா பயிரு பூடும்.”

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

டிவி அணைந்தது. முப்பது ஏக்கர் கோதுமையும், சின்ன டிராக்டரும், கொட்டகை நிறைய மாடுகளும் திரையோடு மறைந்தன. திருவேங்கடத்தின் கையில் ஜாய்ஸ்டிக் மட்டும் மிஞ்சியது.

“ஐயோ, சேவ் பண்ணலியே” என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

புழுக்கம் தாங்காமல் வேண்டா ஜன்னலைத் திறந்தாள். எதிரே, போன வருஷம் வரை அவர்கள் நெல் போட்ட இரண்டு ஏக்கரில் பிளாட்டுக் கற்கள் வரிசையாக நின்றன.

“விவசாயம் கட்டுப்படியாகலன்னு சொல்லித்தானயா இத வித்த?” என்றாள்.